முப்பது நாள் பூட்டு: ஒரு போக்கர் செயலியின் இடைவேளை வசதி பற்றிய மதிப்புரை

இங்கே நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமான போக்கருக்குரிய ஒரு செயலிக்குள் இருந்த ஒரே ஒரு வசதியை மட்டுமே. ஆடுபவர் தம் கணக்கைத் தாமே குறிப்பிட்ட நாட்களுக்குப் பூட்டி வைத்துக்கொள்ள உதவும் அந்த இடைவேளை வசதியை, 2025 ஜூன் 8 முதல் ஜூலை 7 வரை முழுமையாக முப்பது நாட்கள் பயன்படுத்தினேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் இல்லாமலேயே சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிட முடியும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்த நாடாளுமன்றச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததைத் தொடர்ந்து அந்தச் செயலியிலும் பண ஆட்டம் நின்றுவிட்டது. அப்படியிருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. சட்டம் மேசைகளை எடுத்துவிட்டது. 'விட்டதைப் பிடித்துவிட வேண்டும்' என்ற எண்ணத்தை எவர் மனத்திலிருந்தும் அது எடுத்துவிடவில்லை. கிருஷ்ணகிரியில் எனக்குப் பழக்கமான சிலர் வெளிநாட்டுத் தளங்களின் இணைப்புகளை இன்றும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். இடைவேளை என்றால் என்ன, அதில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை அனுபவித்த ஒருவர் விரிவாக எழுதி வைத்தால் அவர்களில் ஒருவருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன்.

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே உள்ள ஓர் எடைமேடையில் கணக்கு எழுதுவது என் வேலை. மே மாதம் தொடங்கி மாம்பழ லாரிகள் வரிசை கட்டும். லோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை என்று நாள் முழுவதும் எண்களோடுதான் இருப்பேன். போக்கர் எனக்குப் பிடித்ததற்கும் எண்களே காரணம். 2 ரூபாய், 5 ரூபாய் பிளைண்டு மேசையில் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்டு) 500 ரூபாயோடு அமர்வேன். இரண்டு ஆண்டுகளில் பெரிதாகச் சம்பாதிக்கவும் இல்லை, பெரிதாக இழக்கவும் இல்லை. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், இணையச் சூதாட்டத்தைத் தடை செய்த தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை அட்டவணையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கித் தீர்ப்பளித்திருந்ததால், ஒளிந்து ஆடுகிற உறுத்தலும் இருக்கவில்லை.

இடைவேளையைத் தேட வைத்த கெட்ட காலம் 2025 மே மாத நடுவில் தொடங்கியது. ஓர் இரவை மட்டும் விவரிக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு; மேசையில் விழும் ஐந்து பொதுச் சீட்டுகளோடு சேர்த்து யாருடைய சேர்க்கை உயர்ந்ததோ அவருக்கே பணம். மூன்று ராஜா சேர்ந்தால் இரண்டு ஏஸைத் தோற்கடித்துவிடும். என் கையில் இரண்டு ஏஸ். எதிரில் இருந்தவர் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்து, முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுவதற்கு முன்பே இருவரும் ஆல்-இன் ஆகிவிட்டோம், அதாவது முன்னிருந்த முழுப் பணத்தையும் வைத்துவிட்டோம். அவர் கையில் இரண்டு ராஜா. மேசையில் கிளாவர் ஒன்பது, ஆட்டின் நான்கு, டைமண்ட் இரண்டு விழுந்தன. நான்காவதாக ஒரு ஜாக்கி. இப்போது கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருப்பவை 44 சீட்டுகள்; அவற்றுள் அவரைக் காப்பாற்றக்கூடியவை மற்ற இரண்டு ராஜாக்கள் மட்டுமே. 22க்கு ஒன்று. கடைசிச் சீட்டு மெதுவாகத் திரும்பியது, கிளாவர் ராஜா. பந்தயப் பணம் மொத்தமும் சேர்ந்த, ஆயிரம் ரூபாய்க்கு மேலிருந்த பானை அவர் பக்கம் நகர்ந்த அந்த ஓசையை இன்றும் என்னால் நினைவுகூர முடிகிறது.

ஒருமுறை நடந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் மோதினால் நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை ஏஸ் வெல்லும். மீதி 18 முறை தோற்கத்தான் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் இதே மாதிரியான கையில் (ஒருமுறை சீட்டு போட்டு ஆடி முடிப்பது ஒரு 'கை') மேலும் இரண்டு முறை தோற்றேன். மூன்றும் அடுத்தடுத்துத் தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 170க்கு ஒன்று. கையில் இரண்டு ஏஸ் வருவதே 221 கைக்கு ஒருமுறைதான் என்பதால், ஒரு மேசையில் மூன்று நான்கு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்து கிடைக்கிற பொருளை மூன்று முறையும் பறிகொடுத்த உணர்வு எனக்கு. இந்த உணர்வை ஆடாதவர்களுக்கு விளக்குவது கடினம். தவறு செய்து தோற்றால் தவறைத் திருத்திக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இருக்கும். சரியாக ஆடித் தோற்கும்போது பிடித்துக்கொள்ள எதுவுமே இருப்பதில்லை.

பிறகு நான் செய்ததுதான் தவறு. 5 ரூபாய், 10 ரூபாய் மேசைக்கு ஏறி, ஆயிரம் ரூபாயோடு அமர்ந்தேன். போக்கர் ஆடுபவர்கள் 'டில்ட்' என்று சொல்வார்கள். கோபத்தில் ஆட்டம் சாய்ந்துவிடுவது. ராஜாவும் நான்கும் போன்ற, மற்ற நாட்களில் தொடக்கூட மாட்டாத கைகளை ஆடினேன். 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டு விதிகளின்படி நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. அந்த நல்ல விதியும் அப்போதைய என் மனநிலையில் கெட்டதாகவே வேலை செய்தது. பதினொன்றரை மணி ஆனதும், மூடுவதற்குள் இழந்ததை எடுத்துவிட வேண்டும் என்ற பரபரப்பு வந்துவிடும். ஒரு நாள் என் மனைவி, "பன்னெண்டு மணிக்கு அவன் மூடுறான், அதுக்கு நீங்க ஏங்க இப்படிப் பறக்கறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மூன்று வாரங்களில் 14,500 ரூபாய் போயிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வசதியைத் தேடினேன்.

'தேடினேன்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பணம் கட்டும் பொத்தான் முதல் திரையிலேயே பச்சை நிறத்தில் இருந்தது. இடைவேளைப் பொத்தானை அடைய என் விவரங்கள், அமைப்புகள், பொறுப்பான ஆட்டம், கணக்குக் கட்டுப்பாடு என்று நான்கு படிகள் இறங்க வேண்டியிருந்தது. செயலியின் மற்றப் பகுதிகள் தமிழில் கிடைத்தன. இந்தப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள், 6 மாதம் என நான்கு கால அளவுகள் இருந்தன. முப்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஏழு நாள் போதாது என்பது என் துணிபு. ஏழு நாளில் கோபம் வேண்டுமானால் அடங்கும். மேசை நினைவு அடங்காது. 24 மணி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அது ஒரு நல்ல தூக்கம், அவ்வளவுதான்.

தேர்ந்தெடுத்த பிறகு வந்த திரையைப் பாராட்டியே ஆக வேண்டும். இந்த முப்பது நாட்களுக்குள் எக்காரணம் கொண்டும் கணக்கைத் திறக்க இயலாது என்பதைத் தெளிவாக எழுதி, கைப்பேசிக்கு வந்த கடவு எண்ணை இட்டு உறுதி செய்யச் சொன்னார்கள். 'உண்மையாகவே போகிறீர்களா' என்று கெஞ்சும் படமோ, போனஸ் ஆசை காட்டும் அறிவிப்போ அத்திரையில் இல்லை. உறுதி செய்த அந்த நொடியிலேயே கணக்கு பூட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் இரவு, மனம் அலைந்த ஒரு நேரத்தில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதி, தவறுதலாகப் பொத்தானை அழுத்திவிட்டேன், திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். அது பொய். மறுமுனையில் இருந்தவர் கனிவாகவும் உறுதியாகவும் மறுத்துவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அந்த மறுப்புக்காகத்தான் இந்த வசதிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதியைக் கொடுக்கிறேன். கேட்டால் திறந்துவிடும் பூட்டினால் யாருக்கும் பயன் இல்லை.

ஆனால் அதே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு இந்தப் பூட்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் இருக்கை காத்திருக்கிறது. ஆறாம் நாள் வாட்ஸ்அப்பில் வார இறுதிப் போட்டிக்கான அழைப்பு. பன்னிரண்டாம் நாள், பணம் கட்டினால் அதில் பாதியைப் போனஸாகத் தருவதாக ஒரு செய்தி. குடியை நிறுத்தி வைத்திருப்பவர் வீட்டு வாசலில் நின்று கடைக்காரர் விலைப்பட்டியல் வாசிப்பதற்கு ஒப்பான செயல் இது. கணக்கைப் பூட்டியவரின் எண்ணை விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்குவது கணினிக்கு ஒரு வரி வேலை. அதைச் செய்யாததற்கு எந்தச் சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியாது. மொத்தம் ஒன்பது செய்திகள் வந்தன. எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. பதினான்காம் நாள் நண்பர் ஒருவர் அனுப்பிய இணைப்பைத் தொட்டபோது வேறொரு நிறுவனத்தின் செயலி இறங்கியது. ஆதார் எண்ணைக் கேட்டது, கடவு எண் வந்தது, சில நிமிடங்களில் மேசைகளின் பட்டியல் என் முன் விரிந்தது. நான் பூட்டியிருந்தது ஒரு கடையின் கதவைத்தான். தெரு முழுவதும் திறந்தே கிடந்தது. அன்று பணம் கட்டாமல் செயலியை நீக்கிவிட்டேன், ஆனால் நீக்குவதற்கு முன் கால் மணி நேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2018 முதல் கேம்ஸ்டாப் என்றொரு ஏற்பாடு இயங்குகிறது. அதில் ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அந்நாட்டில் உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்டத் தளங்களும் அவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்சக் காலமே ஆறு மாதம். நம் மாநிலத்தில் ஒவ்வொரு செயலியும் ஆதாரைக் கொண்டு ஆளை உறுதி செய்ய வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த விதியை 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆளை அடையாளம் காணும் வழி கையில் இருக்கும்போது, அதே வழியில் எல்லாச் செயலிகளையும் ஒரே விசையில் பூட்டும் ஏற்பாட்டைச் செய்திருக்க முடியும். அந்த வாய்ப்பு கைநழுவியது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இனி, இந்த இடைவேளை எனக்கு எதைக் கொடுத்தது என்பதற்கு வருகிறேன். கணக்கைப் பூட்டுவதற்கு முன்பே, மூன்று வாரங்களில் நான் ஆடிய எல்லாக் கைகளின் பதிவையும் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக அப்படிச் செய்தேன். பூட்டிய பிறகு பழைய பதிவுகளைப் பார்க்கவோ, மீதிப் பணத்தை எடுக்கவோ கூட வழியில்லை. இது வடிவமைத்தவர்களின் பிழை என்றே கருதுகிறேன். இடைவேளையில் மூட வேண்டியது மேசைகளை. ஆடியவர் தம் ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கும் சன்னலையும், பணத்தை வெளியே எடுக்கும் வழியையும் திறந்தே வைக்க வேண்டும்.

எடைமேடையில் லாரிகள் இல்லாத பிற்பகல்களில், ஒரு நீளவாட்டு நோட்டில் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். கடைசிச் சீட்டு விழுவதற்கு முன்பே முழுப் பணமும் உள்ளே போய்விட்ட கைகள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் அந்த நேரத்தில் எனக்கிருந்த வெற்றி வாய்ப்பைப் பக்கத்தில் குறித்துக் கூட்டிப் பார்த்தபோது, 16 கைகளில் நான் வென்றிருக்க வேண்டும் என்று வந்தது. வென்றது 11. ஐந்து பானைகள், பானைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வீதம், ஐயாயிரம் ரூபாய். நியாயமாகப் பார்த்தால் கெட்ட அதிர்ஷ்டம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். என் தொழிலின் மொழியில் சொன்னால், 14,500 ரூபாய் லோடு எடை. அதில் அதிர்ஷ்டம் என்ற வண்டியின் எடை 5,000. மீதி 9,500 ரூபாய்ச் சரக்கு முழுவதும் நானே ஏற்றியது. பெரிய மேசைக்கு ஏறியது, ராஜாவும் நான்கும் வைத்துக்கொண்டு கடைசிப் பந்தயம் வரை பின்தொடர்ந்தது, பதினொன்றரை மணிக்குப் பறந்தது எல்லாம் அந்தச் சரக்கில் அடக்கம். இந்தக் கணக்கை ஆட்டத்தின் நடுவே என்னால் போட்டிருக்க முடியாது. அப்போது 14,500 ரூபாயும் அதிர்ஷ்டத்தின் பெயரில்தான் எழுதப்பட்டிருந்தது.

இடைவேளை எடுத்தால் அதிர்ஷ்டம் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை தகர்ந்தது சந்தூர்ப் பக்கம் உள்ள என் சித்தப்பாவின் மாந்தோப்பில். பெங்களூரா ரக மாம்பழத்தின் விலை சரிந்து கிடந்த பருவம் அது. பழத்தைப் பறித்தால் கூலிக்கே கட்டாது என்ற நிலையில், மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். போன ஆண்டு நிறையக் காய்த்த ஒரு மரம் அந்த ஆண்டு ஏறக்குறைய வெறுமையாக நின்றது. அதைக் காட்டி, "போன வருசம் முழுக்கக் குடுத்துட்டுதுப்பா, இந்த வருசம் ஓய்வெடுக்குது. அடுத்த வருசம் பாரு, கிளை தாங்காது" என்றார். எனக்கும் அப்படித்தானே, ஓய்வெடுத்தால் சீட்டு திரும்பும் என்று முதலில் மனம் துள்ளியது. யோசித்தபோதுதான் வேறுபாடு புரிந்தது. மரத்துக்குப் போன ஆண்டு நினைவிருக்கிறது. தன் உடலில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துவிட்டு, மீண்டும் சேர்ப்பதற்காகவே அது சும்மா நிற்கிறது. சீட்டுக்கட்டுக்கு எந்த நினைவும் இல்லை. ஒவ்வொரு கையிலும் 52 சீட்டும் புதிதாகக் குலுக்கப்படுகின்றன. நான் மூன்று முறை தோற்றதோ, முப்பது நாள் விலகியிருந்ததோ அவற்றுக்குத் தெரியாது. நான்காவது முறையும் ஏஸுக்கு அதே 82தான். ஓய்வு தேவைப்பட்டது அந்த மரத்தைப் போன்ற எனக்குத்தான்.

முப்பத்தோராம் நாள், ஜூலை 8 அன்று, எதுவும் கேட்காமலேயே கணக்கு தானாகத் திறந்துகொண்டது. திறந்ததும் முதலில் வந்தது ஒரு வரவேற்புப் போனஸ் அறிவிப்பு. ஆடுபவர் தாமே எழுதிக் கேட்டு, ஒரு நாள் காத்திருந்த பிறகே திறக்கும்படி அமைத்திருந்தால் இவ்வசதி எவ்வளவோ மேம்பட்டிருக்கும். பணம் கட்டுவதற்கு மாத வரம்பு வைக்கும் வசதி அதே பக்கத்தில் இருந்தது. 1,500 ரூபாய் என்று வைத்தேன். வரம்பைக் குறைப்பது உடனே நடந்தது. கூட்ட வேண்டுமானால் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஏற்பாடு சரியானது. அதன்பின் ஆகஸ்ட் வரை வாரத்துக்கு ஓர் இரவு, சிறிய மேசையில், பத்தரை மணிக்குள் எழுந்துவிடும்படி ஆடினேன். வெற்றியும் தோல்வியும் கலந்தே வந்தன. ஒரு நாள் கூடப் பெரிய மேசைக்கு ஏறவில்லை.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். உடனே பூட்டியதற்கும், கெஞ்சியபோதும் திறக்காததற்கும் அந்த மூன்று. விளம்பரச் செய்திகளுக்காக ஒன்றையும், பதிவுகளையும் பணத்தையும் சேர்த்துப் பூட்டியதோடு கேட்காமலேயே திறந்துகொண்டதற்காக இன்னொன்றையும் கழிக்கிறேன். மற்றச் செயலிகள் திறந்து கிடந்ததற்கு இந்த ஒரு நிறுவனத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பதால் அதற்காக எதையும் கழிக்கவில்லை. தமிழில் எழுதப்படாததைக் குறையாகப் பதிவு செய்கிறேன். இந்த வசதி மிகவும் தேவைப்படுகிற நள்ளிரவு நேரத்தில், கலங்கிய மனத்தோடு ஒருவர் ஆங்கில விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டிருக்க மாட்டார். உதவி எண் எதுவும் அப்பக்கத்தில் இல்லை என்பதும் குறைதான். கட்டணமின்றி மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அங்கே ஒரு வரியில் போட்டிருக்கலாம். ஒன்பதாம் நாள் இரவு நான் சேவைப் பிரிவுக்குப் பொய் எழுதியதற்குப் பதிலாக அந்த எண்ணை அழைத்திருப்பேன்.

சட்டம் வந்தபோது என் கணக்கில் 1,260 ரூபாய் மீதமிருந்தது. எடுக்கச் சொல்லி நிறுவனம் அறிவித்தது. விண்ணப்பித்த மூன்றாம் நாள் அத்தொகை குறையாமல் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. பணம் வந்ததைத் தெரிவித்த குறுஞ்செய்திக்குப் பிறகு அவர்களிடமிருந்து வேறு எந்தச் செய்தியும் வரவில்லை. கைகள் எழுதிய நோட்டு எடைமேடை மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. கடைசிப் பத்துப் பக்கங்கள் வெற்றாக இருந்ததால் இப்போது அவற்றில் லாரிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.